நாளைக்குத் தப்பாச் சொல்லு

ஆடி, செவ்வாய் இரவு

ஏலக்காய்த் தோட்டங்களுக்கு மறுநாள் மழையையும் அழுகல் நோயையும் முன்கூட்டிச் சொல்வது எங்கள் ஆய்வுக்குழுவின் வேலை. மலையில் மழையை அளந்து போனில் அனுப்புபவர் முருகாயி அக்கா. போடியிலிருந்து தினமும் ஜீப்பில் கூலிக்குப் போகிறவர். இன்று காலை தோட்டக்காரர்களோடு நடந்த கூட்டத்தில் அவருடைய முதலாளி என் தோளைத் தட்டினார்.

"தம்பி, ஒங்க கணிப்பு பிசகுறதே இல்ல. மழைன்னு சொல்லிட்டா நான் ஜீப்ப அனுப்புறதில்ல. கூலி மிச்சம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வெளியே வந்தால், ஜீப் நிற்கும் இடத்தில் அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தார். "என்னக்கா, இன்னைக்கு மழையளவு வரலையே?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஜீப்பு வந்தாத்தான அளக்க? நான் அளந்து குடுத்தத வச்சே என் சோலியக் கெடுத்துட்டியே அப்பு. நாளைக்காச்சும் கொஞ்சம் தப்பாச் சொல்லு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மக்களோடு சேர்ந்த ஆய்வு என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். த்தூ.

நாளைக்கும் கனமழை என்றுதான் வருகிறது. "நாளைக்கு எப்படி தம்பி?" என்று முதலாளி இரண்டு முறை கேட்டுவிட்டார். உண்மையை அனுப்பினால் அக்காவுக்கு ஜீப் இல்லை. இன்னும் பதில் போடவில்லை. வெளியே தூறல் விழ ஆரம்பித்துவிட்டது.