எலுமிச்சம்பழம் வைக்கும் முன்

சனிக்கிழமை, மார்ச் 14. ஆலன் நகரம்.

கையில் இன்னும் ஆயில் வாசனை போகவில்லை. தூக்கமும் வரவில்லை.

விபத்தில் நொறுங்கிய ஏதோ ஒரு காரின் எஞ்சினை வாங்கி எங்கள் பழைய காரில் மாட்டினேன். ஸ்டார்ட் ஆனது. ஆனால் நின்ற இடத்தில் ஓடும்போது உறுமல் ஏறி ஏறி இறங்கியது. சிவப்பு ஆயில் விளக்கும் மினுக்கியது. ஆயில் பிரஷர் உண்மையிலேயே இல்லையென்றால் எஞ்சின் அவ்வளவுதான். அணைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

என் மனைவி வித்யா ஐசியூ டாக்டர். கராஜுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"மானிட்டர்ல பிபி கம்மின்னு காட்டினா, நாங்க முதல்ல பேஷண்ட்டத்தான் பாப்போம். தனியா ஒரு பிரஷர் கேஜ் வெச்சு செக் பண்ணுங்க."

காரைப் பற்றி இவளுக்கென்ன தெரியும் என்று முணுமுணுத்துக்கொண்டே வைத்தேன். பிரஷர் நன்றாகவே இருந்தது. பொய் சொன்னது சென்சார்தான். அதை மாற்றியதும் விளக்கு அணைந்தது.

உறுமல் மட்டும் அடங்கவில்லை. அவள் ஸ்டெதாஸ்கோப்பைக் கொண்டுவந்து எஞ்சின் மேல் அங்கங்கே வைத்துக் கேட்டாள்.

"இங்க காத்து இழுக்குது."

அங்கே ஒரு ரப்பர் ஹோஸில் விரிசல். மாற்றினேன்.

பிறகு ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் மாட்டிவிட்டாள். இத்தனை நாளும் நட்டும் போல்ட்டுமாகவே நான் பார்த்த இரும்பு, உள்ளே சீராகத் துடித்துக்கொண்டிருந்தது.

"இந்த எஞ்சின் இருந்த வண்டிய ஓட்டினவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்," என்றாள். அதன் பிறகுதான் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள்.