பாரிஸில் ஒரு நல்ல ஹோட்டலும் பதினொரு செத்தவீடும்

சிவமயம்

ரெய்னர்ஸ் லேன், ஹரோ.
17.10.1993

அன்பு மகள் கோதைக்கு,

அப்பா எழுதுவது. எனது இடது முழங்கால் ஒன்றைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சுகம், அம்மாவும் சுகம், மெல்பேர்னில் நீயும் மருமகன் பாலேந்திராவும் முழங்கால்களும் சேர்த்துச் சுகமாக இருக்கப் பிள்ளையார் துணை. உன்னுடைய கடிதம் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. வருகிற சித்திரையில் நீங்கள் இரண்டு பேரும் வந்து எங்களோடு இரண்டு கிழமை நின்றுவிட்டுப் பாரிஸும் பார்க்கப் போகிறீர்கள் என்று வாசித்ததும் அம்மா அந்த இடத்திலேயே மிளகாய்த்தூள் இடிக்கிற கதையைத் தொடங்கிவிட்டார். பாரிஸில் விலை குறைவாகவும், நகரத்தின் நடுவிலும், மெட்ரோவுக்குக் கிட்டவும், காலைச் சாப்பாட்டோடும் ஒரு ஹோட்டல் தெரிந்தால் எழுதும்படி கேட்டிருந்தாய். ஒரு வரியில் பெயரை எழுதிவிடலாம். ஆனால் வெறும் பெயரை எழுதி உன்னை அங்கே அனுப்பினால் நீ சங்கடத்தில் மாட்டிக்கொள்வாய், ஏனென்றால் அந்த ஹோட்டல்காரி நீ என்னுடைய மகள் என்று அறிந்ததும் கட்டிப்பிடித்து அழக்கூடும். ஆகவே தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு கடைசிவரை வாசி.

நீ கலியாணம் முடித்துப் போன பிறகு தொடங்கிய விஷயம் இது. எங்களைப் போல அகதிப் பத்திரத்தில் பயணம் செய்கிற ஆட்களுக்குப் பிரான்ஸ் போக விசா வேண்டும், விசாவுக்கு நிரப்புகிற போமில் எங்கே தங்கப் போகிறாய் என்று ஒரு கேள்வி இருக்கிறது. பாரிஸில் சொந்தக்காரர் வீடு இருக்க ஹோட்டலில் தங்குகிற யாழ்ப்பாணத்தான் இன்னும் பிறக்கவில்லை, ஆனால் சொந்தக்காரர் வீடு என்று எழுதினால் அவர் நகரசபைக்குப் போய்ப் பத்திரம் எடுத்து அனுப்ப வேண்டும், அவருக்கே அங்கே அகதி வழக்கு முடியாமல் இழுபட்டுக்கொண்டிருக்கும். ஆகவே எங்கள் பகுதியில் ஒரு வழக்கம் வந்தது. ஹோட்டலில் அறை பதிவு செய்து அந்தக் கடிதத்தைக் காட்டி விசா எடுப்பது, எடுத்த கையோடு அறை வேண்டாம் என்று எழுதிவிடுவது, பிறகு பாரிஸில் எங்கள் ஆட்கள் இருக்கிற லா சப்பலில் மச்சான் வீட்டு விறாந்தையில் பாய் விரித்துப் படுப்பது. இதற்கென்றே வாய்த்ததுதான் ஹோட்டல் லெரோன். முற்பணம் கேட்காது, பதில் உடனே போடும். ஆறு வருஷமாக எங்கள் தெருவில் விசா எடுத்த முக்கால்வாசிப் பேருக்கு அதன் விலாசம் மனப்பாடம், ஒருவர்கூட அதன் வாசலைக் கண்டதில்லை.

அந்தக் கடிதங்களை எல்லாருக்கும் எழுதிக் கொடுத்தது உன்னுடைய அப்பாதான். இருபத்திரண்டு வருஷம் ஊரில் கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவனுக்குப் பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்டில் கிடைக்காத மரியாதை அதில் கிடைத்தது, லீவுக் காலம் கிட்டினால் ஞாயிற்றுக்கிழமையில் முன்னறையில் யாராவது ஒருவர் காத்திருப்பார், நானும் பேனையைக் கழுவி மை விட்டுக்கொண்டு தயாராக இருப்பேன். பதிவு செய்கிற கடிதம் எல்லாருக்கும் ஒரே மாதிரி. வேண்டாம் என்கிற கடிதத்துக்குத்தான் திறமை வேண்டும். லீவுக் கடிதம் எழுதிப் பழகிய கைக்குச் சும்மா வரவில்லை என்று எழுத வராது பிள்ளை. கச்சேரியில் லீவு என்றால் ஒன்றில் காய்ச்சல் அல்லது செத்தவீடு, காய்ச்சலுக்கு டாக்குத்தரின் துண்டு கேட்பார்கள், செத்தவீட்டுக்கு ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. ஆகவே நான் ஆட்களைச் சாகடிக்கத் தொடங்கினேன். இரண்டு வீடு தள்ளி இருக்கிற தியாகராஜாவை உனக்கு ஞாபகம் இருக்கும், அவருடைய மாமியார் ராஜலட்சுமி லண்டனின் மற்றப் பக்கம் மோர்டனில் கல்லுக்குண்டாக இருக்கிறார், அவரை மட்டும் மூன்று தரம் மூன்று வெவ்வேறு நோயில் மேலே அனுப்பிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் மட்டும் கைவைக்கவில்லை. எண்பத்தொன்பதில் நாங்கள் போனபோது அம்மாவுக்கு இல்லாத பெரியம்மா ஒருவரை உண்டாக்கி அவரைத்தான் முடித்தேன். ஒவ்வொரு சாவுக்கும் பிறகு அந்த ஹோட்டலில் இருந்து கறுப்புக் கரை போட்ட அட்டை ஒன்று வரும், பிரெஞ்சு தெரியாத தியாகராஜா அதை விளம்பரம் என்று நினைத்துக் கிறிஸ்மஸ் கார்ட்டுகளோடு ஷோகேஸில் நிறுத்தி வைத்திருந்தார்.

இனி அம்மாவின் கதைக்கு வருகிறேன். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த நாளில் இருந்து எங்களைத் தவிர யாராவது ஒருவர் முன்னறையில் படுக்காத நாள் கிடையாது, அது உனக்கும் தெரியும், நீ சோதனைக்குப் படித்ததே குளியலறையில் தானே. அம்மா பள்ளிக்கூடக் குசினியில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துவிட்டு வந்து இங்கே ஏழு பேருக்குச் சமைக்கிறார். போன ஆவணியில் ஒருநாள் அகப்பையோடு எனக்கு முன்னால் வந்து நின்று, பாரிசுக்குப் போவம், ஆனா ஒருத்தற்றை வீட்டையும் நான் வரமாட்டன், ரெண்டு நாளைக்கு நான் விரிக்காத கட்டிலிலை படுத்து நான் ஊத்தாத தேத்தண்ணி குடிக்கோணும் என்று சொன்னார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் தனக்கென்று என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எப்படியும் இதைச் செய்து முடிக்க வேண்டும் என்று நூல்நிலையத்தில் புத்தகம் எடுத்து ஹோட்டல்களைப் பார்த்தேன், நடுவில் இருப்பது விலையாக இருக்கிறது, விலை குறைந்தது நடுவில் இல்லை. தியாகராஜாவிடம் விசாரித்தேன். யோசியாமல் லெரோனைப் போடுங்கோ அண்ணை, திறம் ஹோட்டல், நான் மூண்டு தரம் போட்டனான், ஒரு பிரச்சினையும் இல்லை என்றார். சுடுதண்ணி வருமோ என்று அம்மா கேட்டதற்கு, அது தெரியாது அக்கா, ஆனா விசா மூண்டு நாளிலை வந்தது என்றார். லிஃப்ட் இருக்கோ என்றதற்கு, வேறை ஹோட்டல் போட்ட ஒராளுக்கு விசாவே கிடைக்கேல்லை என்று பதில் வந்தது. வேறு நான்கு பேரிடம் கேட்டேன், நான்கு பேரும் அதையே புகழ்ந்தார்கள். இத்தனை பேர் நல்லது என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பினேன். எழுதி எழுதி அதைப் போமில் நிரப்புகிற ஒரு சொல்லாகவே நினைத்துவிட்டேன், உள்ளே ஆட்கள் இருந்து என்னுடைய கடிதங்களை வாசிப்பார்கள் என்பது மூளையில் ஏறவேயில்லை.

புரட்டாதி நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை விக்ரோறியாவில் கோச் பஸ் ஏறிப் பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். கிழக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் தெரு, பதினான்கு அறை. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு மடாம் மேசையில் இருந்தார், அவர்தான் சொந்தக்காரி, ஆறுதலாக ஆங்கிலம் பேசுவார். நான் பதிவுத் தாளில் பெயரும் விலாசமும் எழுதிக் கொடுத்தேன். அவர் அந்தக் கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேசையைச் சுற்றி வெளியே வந்து என்னுடைய இரண்டு கையையும் பிடித்து, இவ்வளவு துன்பத்துக்குப் பிறகும் வந்துவிட்டீர்களே என்று கண் கலங்கினார். பிறகு ஒரு பைலை எடுத்து வந்தார். ஆறு வருஷக் கடிதமும் அதற்குள் இருந்தது. ஒரே கையெழுத்து, ஒரே ஊர், ஆகவே எல்லாம் ஒரே குடும்பம் என்று அந்த மனிசி நினைத்திருக்கிறார். பாரிஸுக்கு வர ஆசைப்படுகிற ஒரு குடும்பம், வெளிக்கிடுகிற ஒவ்வொரு முறையும் அந்தக் குடும்பத்தில் ஒரு சாவு, மொத்தம் பதினொன்று. உங்கள் நாட்டில் ஒருவருக்கு மூன்று மாமியார் இருப்பது வழக்கமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். நான் ஓம் என்று சொன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் சுற்றுலா வந்தவர்கள் இல்லை, துக்கம் காக்கிறவர்கள். எங்களுக்கு இருப்பதிலேயே நல்ல அறை, மேசையில் வெள்ளைப் பூ. காலையில் மடாம் மற்ற மேசைக்காரரிடம் ஏதோ குசுகுசுத்தார், ஜேர்மன்காரர் இரண்டு பேர் எழும்பி நின்று அம்மாவுக்குத் தலை குனிந்தார்கள். அம்மா அந்த இரும்புக் கோபுரத்துக்கு முன்னால் படம் எடுக்கவென்று மாம்பழக் கலர்ப் பட்டுச்சேலை கொண்டுவந்திருந்தார், அதைக் கட்டிக்கொண்டு மடாமைக் கடந்து போக முடியாமல் மேலே என்னுடைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு போனார், படத்திலும் மழைக்கோட்டுத்தான் விழுந்திருக்கிறது. திரும்பி வந்து அந்த ஒரு ஆள் நிற்கக்கூடிய லிஃப்டுக்குள் இரண்டு பேரும் ஒடுங்கி நின்றபோது அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூண்டு மாமியார் எண்டு சொல்லச் சொல்லச் சிரிப்புக் கூடியது, கதவு திறந்தால் எதிரில் மடாம் துவாயோடு நிற்கிறார், அம்மா சேலைத்தலைப்பால் முகத்தைப் பொத்திக் குலுங்கினார், மடாம் துவாயைக் கீழே போட்டுவிட்டு அவரை அணைத்துக்கொண்டார். அப்படியே இரண்டு நாளும் போனது. கட்டில் மட்டும் திறம், அம்மா ஒன்பது மணிவரை நித்திரை கொண்டார்.

ஞாயிறு காலையில் மடாம் கறுப்புத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து, மூலையில் இருக்கிற தேவாலயத்துக்கு எங்களை அழைத்தார். மறுக்க வழியில்லை. அங்கே பதினொரு மெழுகுதிரி எடுத்து வைத்துக்கொண்டு கடதாசியைப் பார்த்து ஒவ்வொரு பெயராகச் சிரமப்பட்டு வாசித்தார், ஒவ்வொன்றுக்கும் அம்மா ஒரு திரி கொளுத்தினார். ராஜலட்சுமிக்கு மூன்று. நான் சிரிப்பை அடக்க நாக்கைக் கடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றேன். எல்லாம் முடிய, வேறு யாராவது இருக்கிறார்களா என்று மடாம் ஒரு மரியாதைக்குக் கேட்டார். இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா யோகலிங்கம் என்றார். என்ரை தம்பி என்றார். உன்னுடைய யோகன் மாமா. தொண்ணூறாம் ஆண்டு ஊரில் நெருப்புக்காய்ச்சலில் மருந்து கிடைக்காமல் போனவர், சண்டையில் பாதை பூட்டியிருந்தபடியால் கடிதம் வந்து சேர அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டது, அழுவதற்கு ஒரு செத்தவீடு இல்லை. அடுத்தநாள் அம்மா வழமைபோலக் குசினி வேலைக்குப் போனார். நானும் போகவிட்டேன். ஊரில் இல்லாத சாவுக்கெல்லாம் கடிதம் எழுதின நான், நடந்த சாவுக்கு அம்மாவுக்கு ஒரு நாள் லீவு கேட்டு ஒரு வரி எழுதிக் கொடுக்கவில்லை. அது எனக்கு அந்தக் கோயிலில் நிற்கும்போதுதான் விளங்கியது. அம்மா அங்கிருந்த மர வாங்கில் உட்கார்ந்து ஒரு மணித்தியாலம் அழுதார், மூன்று வருஷத்து அழுகை. மடாம் அவருடைய கையை விடவேயில்லை, தம்பி எப்படி இருப்பார், என்ன வேலை, பாடுவாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இந்த மூன்று வருஷத்தில் நாங்கள் ஒருவரும் அம்மாவிடம் அப்படிக் கேட்கவில்லை, நான் கேட்டால் அழுவார் என்று பயந்து விட்டுவிட்டேன்.

வெளிக்கிடும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை. இந்த மனிசியிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வருவேன் என்று படிக்கட்டில் வைத்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னுடைய கோட்டைப் பிடித்து நிறுத்தி, பேசாமல் வாங்கோ, இப்ப நீங்கள் உண்மையைச் சொன்னால் அவ யோகனையும் பொய்யெண்டு நினைப்பா என்றார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். ரெய்னர்ஸ் லேனில் இப்போது கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டேன், தியாகராஜாவுக்குக் கோபம், பரவாயில்லை.

ஆகவே பிள்ளை, ஹோட்டல் லெரோனையே போடு. விலை குறைவு, நடு இடம், மெட்ரோ மூன்று நிமிஷ நடை, சுடுதண்ணி தாராளமாக வருகிறது, மூன்றாம் மாடியில் பின்பக்க அறையைக் கேள், சத்தம் இல்லை. நீயே உன்னுடைய கையெழுத்தில் எழுது. தம்பி பாலேந்திராவின் இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடு, வரும்போது கம்பளிச் சட்டை கொண்டுவா, சித்திரையிலும் இங்கே குளிர் விடாது. உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் வராமல் கடவுள் காக்கட்டும், அம்மாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்த்தி. ஒன்றை மட்டும் மறவாதே. மடாம் யோகன் மாமாவைப் பற்றிக் கேட்டால் உனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல், எவ்வளவு நேரம் என்றாலும் இருந்து சொல், அவர் கேட்பார். மற்றப் பதினொரு பேரைப் பற்றிக் கேட்டால் தலையைக் குனிந்துகொள், எல்லாரும் சுகம் என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
க. குலசேகரம்