வெடி லேபிளில் ஐயா

1962, ஆவணி, செவ்வாய்

என்னப்பா நாட்குறிப்பே, சௌக்கியமா? இங்கே என் பாடுதான் திண்டாட்டம்.

வெடி மேல் ஒட்டும் லேபிளுக்கு எங்கள் அச்சக முதலாளி ஒரு போர் ஓவியத்தைக் கொடுத்து, அதைப்போல வரையச் சொன்னார். நாளை அச்சுக்குப் போக வேண்டும். ஓவியத்தில் முன்னால் நின்ற வெள்ளைக்காரச் சிப்பாயை எடுத்துவிட்டு, பர்மா சண்டைக்குப் போய்வந்த என் அப்பாவை, எங்கள் ஐயாவை, நிறுத்தினேன். அவர் அங்கே சமையல்காரர்தான். ஆனாலும் கையில் துப்பாக்கி கொடுத்தேன்.

படத்தைப் பார்த்ததும் ஐயாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "மீசைய இன்னும் முறுக்குலே" என்றார்.

அம்மா அலறினாள். "ஏலே, தீவாளிக்கு ஊரே உங்கய்யா மூஞ்சியில தீ வைக்கணுமா?"

இது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. ஐயா முகம் வெளிறிவிட்டது. "அப்ப உங்க மாமன் மூஞ்சியப் போடு" என்றார்.

"எங்கண்ணனையா?" அம்மா சட்டென்று திரும்பினாள். "பட்டாளத்துல அடுப்படியில வெந்தவுக நீங்கதான? உங்களுக்குத் தீ பழக்கந்தான். அந்த மூஞ்சியே இருக்கட்டும்!"

படம் அப்படியே போகிறது. இப்போதுதான் ஐயா என்னை மெதுவாகக் கூப்பிடுகிறார், படத்தில் தன் பக்கத்தில் நிற்கும் சிப்பாய்க்கு அம்மா முகத்தை வைக்கச் சொல்லி.