முருகேசன் ஊரில் பார்க்க வேண்டிய இடங்கள்

ஆவணி 2, திங்கள்

பஸ் ஸ்டாண்டு வேப்பமரம் சாய்ந்து டீக்கடையை நசுக்கிய வருஷம். ஆடித்தபசுக்கும் மழை இல்லை. காற்று மட்டும், வாயெல்லாம் மண். எனக்கு எழுத்துத் தெரியாது. பேசினால் போனே எழுதிக்கொள்கிறது.

மகன் முருகேசன் அயர்லாந்திலிருந்து வீடியோவில் வந்தான். அவன் இருப்பது சின்ன ஊர்.

"வீட்டை வாடகைக்கு விட்டுட்டு ஒரேயடியா இங்கன வந்துருங்கப்பா. ஞாயித்துக்கிழமை டிக்கெட் போடுதேன்."

அதற்குள் ஊரைக் காட்டி மயக்கப் போகிறானாம். முதலில் கோட்டை. வெறும் சுவர், அதில் புல்.

"ஏலே, கூரை எங்க? அண்ணன் தம்பி கேஸா?"

"பல நூறு வருசம் ஆச்சுப்பா."

"அத்தனை வருசமாவா கேஸ் நடக்கு?"

பின்னால் மருமகள் சிரிப்பு. இதற்கு உள்ளே போக டிக்கெட் வேறு.

ஆவணி 4, புதன்

முதுகுவலி. பால்காரன் வரவில்லை. கடுங்காப்பி.

இன்று ஏரி. ஒருவன் முழங்கை நீள மீன் பிடித்தான், போட்டோ எடுத்தான், திரும்பத் தண்ணீரில் விட்டான். கிறுக்கன். கரையைச் சுற்றிச் சனம்.

"எங்கல போறாங்க?"

"எங்கயும் போகலை. சும்மா நடக்காங்க."

வேலையத்த ஊர். குச்சியால் பந்து தட்ட அவ்வளவு பெரிய பச்சை வெளி. ஒரு ஆடு மேயவில்லை.

ஆவணி 6, வெள்ளி

ஒரு புல்தரை. ஓரத்தில் ஒற்றைக் கல்.

"அந்தக் காலத்துல உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம்ப்பா. செத்தவங்களை மொத்தமா இங்கன போட்டாங்க."

"பேரு?"

"பேரெல்லாம் யாருக்குத் தெரியும்?"

கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் பல்லைக் காட்டி செல்ஃபி. தூ. போனை வைத்துவிட்டேன்.

ஆவணி 8, ஞாயிறு

காற்று இல்லை. புழுக்கம்.

எங்கள் பஞ்சத்தில் கற்றாழைக் கிழங்கு தோண்டப் போனோம், நாலு பிள்ளைகள். தண்ணீர் மாற்றி மாற்றி அவித்தாலும் கசக்கும். ஐயம்மாள் பச்சையாகத் தின்று அன்றைக்கே போனாள். மாடசாமி போன தையில். இன்னொருத்தி குருவிகுளத்தில், இப்போது கண் தெரியாது. நான் போய் நின்றால், "ஏலே, கிழங்கு கொண்டாந்தியா?" என்பாள். ஐயம்மாள் என்று ஒரு பிள்ளை இருந்தது எங்கள் இருவருக்குத்தான் தெரியும்.

முருகேசன் வந்தான். "டிக்கெட் போடவாப்பா?"

"போடாதல."

"அங்கன உங்களுக்கு யாரு இருக்கா?"

"குருவிகுளத்துல செல்லக்கனி."