முகம் எது, முதுகு எது

வியாழக்கிழமை, ஆயுத பூஜை

ஜூரோங் பட்டறையில் இன்று ஓர் இழுவைப் படகைத் தண்ணீரில் இறக்கினோம். அதற்கு முன், என்னோடு வேலை செய்யும் செல்வம் அதன் காத்தாடிக்குச் சந்தனப் பொட்டு வைத்தான். ப்ரொப்பெல்லரை அவன் அப்படித்தான் சொல்வான். அதன் இலைகளின் ஒரு பக்கத்தை முகம் என்றும் மறுபக்கத்தை முதுகு என்றும் சொல்வோம். படகு போகிற பக்கம் பார்ப்பதுதான் முகம் என்று நினைத்து, அங்கே வைத்துவிட்டான்.

"அது முதுகு லா, செல்வம். பின்னால பார்க்குதே, அதுதான் முகம். அது தண்ணிய பின்னால தள்ளும், தண்ணி படக முன்னால தள்ளும்."

"அப்ப படகுக்கு மூஞ்சியே காட்டாம தள்ளுதாக்கா?" என்று சிரித்தவன், சட்டென்று அடங்கிப்போனான். பிரசவத்துக்கு அவனால் ஊருக்குப் போக முடியவில்லை. அதிலிருந்து அவன் மனைவி வீடியோ காலில் குழந்தையை மட்டும்தான் காட்டுகிறாள்.

பொட்டை அழிக்கவா என்று கேட்டான். "இருக்கட்டும், முதுகுல தட்டிக் கொடுத்த மாதிரி" என்றேன்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் அவனுக்குக் கால் வந்தது. திரை முழுக்கக் குழந்தை. பின்னாலிருந்து ஒரு குரல், "அப்பா சாப்பிட்டாங்களான்னு கேளுடா தங்கம்" என்றது.

அவன் கண் கலங்கியது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.