ஏட்டையாவிடம் சொன்னது யார்?

என்னைப் பெற்ற ஆசை அய்யாவுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. வடகரையில் எல்லாரும் சுகம். இடி விழுந்து தோப்பில் இரண்டு தென்னை கருகிவிட்டன. கீழ வயலில் இந்தப் பூ விளைச்சலுக்கும் நெல்தான் போட்டிருக்கிறேன். உங்கள் கட்டில் அதே இடத்தில் கிடக்கிறது. அதில் நான் படுப்பதில்லை.

நேற்றுக் குற்றாலம் போய்ச் சங்கரபாண்டியைப் பார்த்தேன். அவனோடு பேசி எட்டு வருஷமாகிவிட்டது. அவன் சொன்னதைக் கேட்ட பிறகு உங்களிடம் பேசாமல் இருக்க முடியவில்லை. முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனால் என் வாயால் நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. நம் வீட்டில்தான் அதைப் பேசியதே கிடையாதே!

அப்போது எனக்குப் பதினெட்டு வயது. எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். ஒரு குறையும் இல்லை. அப்படியிருக்க எப்படித் தொடங்கியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பத்து நாள் உறக்கம் வரவில்லை. பிறகு தோட்டத்துக் கிணற்றுக்குள்ளிருந்து அம்மை கூப்பிடுவது கேட்டது. அவள் செத்துப் பதினேழு வருஷமாகியிருந்தது. ஒரு நாள் உச்சி வெயிலில் நான் போய் இறங்கிவிட்டேன். குதித்து என்னைத் தூக்கியவன் எதிர்வீட்டுச் சங்கரபாண்டி.

மறுநாளே காலில் சங்கிலி போட்டு, வண்டியிலேற்றி, என்னைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோனீர்கள். அருவித் தண்ணீர் தலையில் அடித்தால் சித்தம் தெளியும் என்றார்கள். ஒரு மண்டலம் நின்றேன். அங்கே பைத்தியங்களைப் பார்த்துக்கொள்கிற ஆள் ஒருவன் இருந்தான். நான் அசைந்தால் புளிய விளாறால் முதுகில் அடிப்பான். சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் நனைந்தபடி நிற்பீர்கள். ஒரு தடவைகூட அவனை 'நிறுத்து' என்று சொன்னதில்லை. குளிக்க வந்தவர்கள் பிள்ளைகளுக்கு என்னைக் காட்டிச் சிரித்தார்கள்.

தண்ணீரால் தெளிந்ததோ, தானாகத் தெளிந்ததோ, தெளிந்துவிட்டது. ஊர்தான் தெளியவில்லை. வடகரையில் என் பேர் வேலாயுதம் என்பதையே மறந்துபோனார்கள். 'சங்கிலி' என்றார்கள். 'சங்கிலி வருதான் பாரு' என்று பெண்கள் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொள்வார்கள்.

அந்தப் பேரைக் கழற்றிப் போடத்தான் போலீஸ் வேலை வேண்டும் என்று நினைத்தேன். காக்கி அரை டிரவுசரும் தொப்பியும் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் எவன் சங்கிலி என்று கூப்பிடுவான்? செங்கோட்டை நம் ராஜ்யத்தோடு சேர்ந்த மறுவருஷம் பாளையங்கோட்டையில் ஆள் எடுத்தார்கள். நானும் சங்கரபாண்டியும் சேர்ந்தே போனோம். ஓட்டத்தில் நான் முதல் ஆள். கயிறு ஏறியதிலும் நான்தான். மார்பு அளந்த அதிகாரி முதுகில் தட்டி, "நல்ல உடம்புலே ஒனக்கு" என்றார். முதுகில் விளாறு பட்ட தழும்பை அவர் பார்க்கவில்லை. வயலில் கீறியது என்று சொல்லத் தயாராக நின்றேன்.

அடுத்து, எழுதி நிரப்பித் தர ஒரு பாரம் கொடுத்தார்கள். 'சித்தப்பிரமையோ வலிப்போ எப்போதாவது கண்டதுண்டா?' என்று அதில் ஒரு கேள்வி. எனக்குக் கை நின்றுவிட்டது. பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த சங்கரபாண்டி எட்டிப் பார்த்தான்.

"இல்லைன்னு எழுதுலே. கொணமானதுக்கு அப்புறம் அது நோயாலே?"

இல்லை என்று எழுதினேன். என் வாழ்க்கையில் அதைவிட அழகாக நான் எழுதியதில்லை.

இரண்டு வாரம் கழித்து எங்கள் இருவரையும் பற்றி ஊரில் விசாரிக்கப் போலீஸ் ஏட்டையா வந்தார். நான் வயலுக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்தேன். திரும்பும்போது டீக்கடை முன்னால் சங்கரபாண்டி ஏட்டையாவின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டான். பிறகு தபால் வந்தது. சித்தப்பிரமையை மறைத்துப் பொய் எழுதியதால் என்னை நீக்கிவிட்டார்கள். இனி எந்தச் சர்க்கார் வேலைக்கும் மனுப் போட முடியாது. சங்கரபாண்டிக்கு வேலைக்கான உத்தரவு வந்தது.

அவன் வீட்டுக்கு ஓடினேன். "நீதான சொன்ன?" என்று கேட்டேன். அவன் பயிற்சிக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். தலையைக் குனிந்துகொண்டான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. குற்றாலத்துக்கு எனக்குச் சோறு கொண்டுவந்து ஊட்டியவன் அவன். ஓங்கி அறைந்தேன். வாங்கிக்கொண்டான்.

நீங்கள் அன்று சாயங்காலம் எனக்குக் கருவாடு சுட்டு வைத்தீர்கள், நினைவிருக்கிறதா? "போலீசு போனா என்னலே, நமக்கு வயல் கெடக்கு" என்றீர்கள்.

ஒன்றரை வருஷம் காத்திருந்தேன். சங்கரபாண்டிக்கு ராயகிரியில் பெண் பேசினார்கள். பேர் பேச்சியம்மாள். பரிசம் போட்டாயிற்று. ஒரு காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு நான் ராயகிரிக்குப் பஸ் ஏறினேன். பெண்ணின் தகப்பனார் மோர் கொடுத்து உட்காரச் சொன்னார். மாப்பிள்ளையின் எதிர்வீட்டுக்காரன் என்றேன்.

"அவனுக்கு வலிப்பு உண்டு, அண்ணாச்சி. போன மாசங்கூட வாய்க்கா பாலத்துல விழுந்து கெடந்தான். நாந்தான் சாவிக்கொத்தக் கையில குடுத்து நிமுத்துனேன். பொண்ணோட வாழ்க்கைன்னு சொல்லுதேன்."

பாரத்தில் இருந்த இரண்டு நோயில் ஒன்று எனக்கு, இன்னொன்றை அவனுக்குக் கொடுத்தேன். கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வளையல் சத்தம் கேட்டது. எனக்கு அவள் மேல் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. திரும்பி வரும்போது பசித்தது. வயிறாரச் சாப்பிட்டேன்.

கல்யாணம் நின்றது. சங்கரபாண்டியின் தாயார் நம் வாசலுக்கு வந்து மண்ணை வாரித் தூற்றினாள். "கெணத்துலருந்து ஒன்னையத் தூக்குனான் பாரு, அதுக்கு எம் புள்ளைக்கு நல்ல கூலி குடுத்திட்டலே! நீ வெளங்குவியா?" என்று கத்தினாள். நீங்கள் வெற்றிலைக்கு நரம்பு கிள்ளிக்கொண்டிருந்தீர்கள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த நிமிஷத்தில்கூட உங்களால் வாயைத் திறக்க முடியவில்லையா, அய்யா?

போன வருஷம் மார்ச்சளிக் காய்ச்சலில் படுத்தீர்கள். எழுந்திருக்க மாட்டீர்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிட்டது. ஒரு மத்தியானம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டீர்கள்.

"ஏட்டையாகிட்ட நாந்தாம்லே சொன்னேன். சங்கரபாண்டி இல்ல."

"எதுக்கு?" என்றேன்.

"துப்பாக்கி இருக்க எடத்துல நீ தனியா இருக்கப்பிடாதுலே. கெணறுன்னா யாரும் குதிச்சுத் தூக்கலாம்."

பிறகு தண்ணீர் கேட்டீர்கள். செம்பு என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் எழுந்து தோப்புக்குப் போய்விட்டேன். பொழுது சாய்ந்துதான் திரும்பினேன். செம்பு கவிழ்ந்து, நீங்கள் கட்டிலிலிருந்து பாதி சரிந்து கிடந்தீர்கள். தூக்கிப் படுக்க வைத்தேன். அதன் பிறகு இரண்டு நாள் இருந்தீர்கள். நீங்கள் பேசவில்லை, நானும் பேசவில்லை. மூன்றாம் நாள் கொள்ளி வைத்தேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்குத் தெரியும், உங்களிடம் சொல்வதற்கு வெட்கமில்லை.

நேற்றைய கதைக்கு வருகிறேன். சாரல் தொடங்கி அருவியில் கூட்டம். சங்கரபாண்டி அங்கே காவலுக்கு நிற்கிறான். இப்போது அவனும் ஏட்டு. கொஞ்சம் தொந்தி விழுந்திருக்கிறது. என்னைக் கண்டு முகத்தைத் திருப்பவில்லை. ஒரு பாறை மேல் உட்காரச் சொன்னான். நீங்கள் சொன்னதை அவனிடம் சொன்னேன்.

அவன் அருவியைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு அன்னைக்கே தெரியும்லே. டீக்கடையில ஏட்டையாவே சொன்னாரு, எழுதாதீங்கன்னு சைக்கிளைப் பிடிச்சுக் கெஞ்சுனேன்" என்றான்.

நீங்கள் அவன் வீட்டுக்குப் போனீர்களாமே. ஏட்டையா வந்து போன மறுநாள். அவன் காலைப் பிடித்தீர்களாமே. உங்கள் வயதுக்கு, பேரன் போலிருந்தவனின் காலை.

"'நாளைக்கு வேலை போச்சுன்னா, நீதான் சொன்னன்னு அவன் நெனச்சுட்டுப் போட்டும் சங்கரா. என்னைய வெறுத்தான்னா மறுபடி கெணத்துக்குப் போயிருவான். அவனுக்கு என்னைய விட்டா யாரு?'ன்னு அழுதாரு. நான் சத்தியம் பண்ணிக் குடுத்தேன்."

"ராயகிரிக்கு நான் போனதுக்கு அப்புறமாவது சொல்லிருக்கலாமேடா!"

"சொல்லிருப்பேன். அருவாளோட கெளம்புனேன், ஒங்க வாசல்வரைக்கும் வந்தேன். நீ உள்ள சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்த. சரி, நல்லா இருக்கான், இருக்கட்டும்னு திரும்பிட்டேன். ஒன்னைய இன்னொரு தடவ தூக்க எனக்குத் தெம்பு இல்லலே, வேலு."

நான் அவன் கையைப் பிடித்து, மன்னித்துவிடு என்றேன். கையை உருவிக்கொண்டான்.

"மாட்டேன். எனக்குப் பொறவு கல்யாணம் ஆயிட்டு, ரெண்டு புள்ள இருக்கு. எங்கிட்ட என்ன கேக்க? வலிப்புக்காரனுக்குப் பரிசம் வாங்குன பொண்ணுன்னு அவளை எவனும் எடுக்கல. திருவேங்கடத்துல ரெண்டாந்தாரமா ஒரு கெழவனுக்குத் தள்ளி விட்டாங்க. அவன் செத்துட்டான். மூத்தாள் மக்க அவளை மாட்டுக் கொட்டாயில போட்டிருக்காங்க. பருத்தி எடுக்கப் போறா. போய் அவகிட்டச் சொல்லு."

அதற்குள் கூட்டத்தில் யாரோ வழுக்கி விழுந்தார்கள். விசிலை ஊதிக்கொண்டு எழுந்து போய்விட்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

அய்யா, நீங்கள் எனக்காகச் செய்ததா, உங்களுக்காகச் செய்ததா? ஒற்றைப் பிள்ளை உயிரோடு இருந்தால் போதும், அவன் என்ன ஆளாக இருந்தாலும் சரி என்று நினைத்தீர்களா? இருக்கிறேன், பாருங்கள். ஒரு நண்பனைக் கெடுத்தேன். முகம் பார்த்திராத பெண்ணைக் கெடுத்தேன். சாகக் கிடந்த உங்களுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. இதில் எதையும் பைத்தியமாக இருந்தபோது செய்யவில்லை. சித்தம் தெளிந்து, உறங்கி எழுந்து, தலைவாரிக்கொண்டு செய்தேன்.

வெள்ளிக்கிழமை திருவேங்கடம் போகிறேன். பேச்சியம்மாள் முன்னால் நின்று, நான் யார், என்ன சொன்னேன், அது பொய் என்று சொல்வேன். அவளை வைத்திருக்கிறவர்களும் கேட்கும்படி சொல்வேன். அவள் காறித் துப்பலாம். செருப்பால் அடிக்கலாம். அடிக்கட்டும். நீங்கள் பேச்சு நிற்கப்போகிற நேரத்தில் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொண்டீர்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவளும் நானும் உயிரோடு இருக்கும்போதே, அவள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல அங்கேயே நிற்பேன். இது சத்தியம்.

நீங்கள் சாகாமல் காப்பாற்றிய மகன்,
வேலாயுதம்