வெள்ளைப் பக்கம் வெளியே

நேற்று உறுதியான செய்தி இது: நீ வேலை செய்த எக்ஸ்ரே அறையில், எடுத்து முடிந்த பிலிம் பெட்டியைத்தான் வெள்ளைப் பட்டி வெளியே தெரியும்படி வைப்பார்களாம். சொன்னவர் அங்கே உன்னோடு வேலை செய்தவர். ஓய்வுபெற்று இப்போது தம்பலகாமத்தில் வயல் பார்க்கிறார். யானை புகுந்த வயல்களைப் பற்றி எழுதப் போன இடத்தில், பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து நான் எதையும் எழுதுவதில்லை. வீடு திரும்பியதும், அதே காலத்தில் அங்கே தாதியாக இருந்த ஒரு வயதான பெண்மணியைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"ஓம் தம்பி, வெள்ளை தெரிஞ்சா கழுவக் கொண்டுபோகலாம். கறுப்பெண்டா இனித்தான் எடுக்கவேணும்," என்றார்.

தொலைபேசியை வைத்துவிட்டு அலுமாரியைத் திறந்தேன். நம் கமராவின் பிலிம் சட்டம் துணிக்குள் இருந்தது. பழைய மரமும் கழுவும் மருந்தும் கலந்த அந்தப் புளித்த வாசம் இன்னும் போகவில்லை. உனக்குத் தெரிந்ததுதான்: சட்டத்தின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒரு பிலிம், ஒவ்வொன்றுக்கும் இழுத்து எடுக்கும் ஒரு மூடி, மூடியின் ஒரு முகம் வெள்ளை, மறுமுகம் கறுப்பு. கமராக்காரர்களின் வழக்கம் உன் எக்ஸ்ரே அறைக்கு நேர்மாறு. வெள்ளை வெளியே இருந்தால் புதுப் பிலிம். கறுப்பு இருந்தால் எடுத்தது. என் கையில் இருந்த பக்கம் வெள்ளை. இத்தனை வருடமும் அதைப் புதுப் பிலிம் என்றே வைத்திருந்தேன்.

அந்தக் கமரா நமக்குக் கிடைத்தது, இந்தியாவுக்குப் போய்விட்ட ஒரு ஸ்ரூடியோக்காரரின் பூட்டிய கடையிலிருந்து. "கறையான் தின்ன முதல் கொண்டுபோங்கோ," என்று அவருடைய தம்பி திறந்துவிட்டார். நமக்கு வயது முப்பதை ஒட்டி. நான் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நீ கிண்ணியாவிலிருந்து துறையைப் படகில் கடந்து ஆஸ்பத்திரிக்கு வந்துபோனாய். சொல்லித்தர ஒருவரும் இல்லை. கமராவின் மடிப்புத் துருத்தியில் இருந்த ஓட்டைகளுக்குச் சைக்கிள் ரியூப் வெட்டி ஒட்டினோம். அந்த அளவுப் பிலிமை யுத்த காலத்தில் எங்கே தேடுவது? காலாவதியாகி எறிய வைத்திருந்த எக்ஸ்ரே பிலிமை வைத்தியரிடம் கேட்டு வாங்கி, சிவப்பு விளக்கின் கீழ் நீ வெட்டித் தந்தாய்.

ஒழுங்காக விழுந்த முதல் படம் என் அம்மாவுடையது. அதைப் பார்த்த அம்மா, "நெத்தியில ஏன்ரா கரிக்கட்டையை ஒட்டி வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டார்.

"அது உங்கட குங்குமம்தான் அம்மா. இந்தப் பிலிமுக்குச் சிவப்புத் தெரியாது. எலும்பெண்டா வடிவா எடுக்கும்," என்றாய் நீ.

"அப்ப நான் எலும்பானாப் பிறகு வாங்கோ."

நீ சிரித்த சிரிப்பில் கமராவின் முக்காலி ஆடியது.

நிலாவெளிக்குக் கரைவலை இழுப்பதைப் படம் எடுக்கப் போன காலையும் நினைவிருக்கிறது. ஆமிச் சென்றியில் இறக்கி, பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். துறைமுகப் பக்கம் கமரா திருப்பினாலே ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் காலம். நான் பத்திரிகை அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருக்க, நீ அமைதியாகக் கமராவை வீதியோரத்தில் நிறுத்தி, கறுப்புத் துணியைத் தூக்கி, "பாருங்க சேர்," என்று சிப்பாயை உள்ளே அழைத்தாய். துப்பாக்கியோடு துணிக்குள் தலையை விட்டவன் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது பிள்ளையைப் போல முகம். "ஆள் எல்லாம் தலைகீழ்! பஸ்ஸும் தலைகீழ்!" என்று மற்றவனைக் கூப்பிட்டான். விட்டுவிட்டார்கள். சைக்கிளில் ஏறும்போது நீ மெதுவாகச் சொன்னாய்: "அவனுகள் எப்பவும் நம்மள அப்படித்தான் மச்சான் பாக்கிறானுகள். இண்டைக்குத்தான் சிரிச்சவனுகள்."

அன்று வலை இழுத்தவர்கள் எல்லோரும் படத்தில் புகையாகத்தான் விழுந்தார்கள். பிலிம் அவ்வளவு மந்தம். ஆட்கள் சில விநாடி அசையாமல் இருக்க வேண்டும். அதன்பிறகு நீ உன் எக்ஸ்ரே அறைக் கட்டளையைக் கொண்டுவந்தாய்: "மூச்சை இழுங்க... பிடிங்க... அசையப்படாது... சரி, விடுங்க." ஊரில் யாரைப் படம் எடுத்தாலும் நெஞ்சை நிமிர்த்தி நோயாளி போலவே இருந்தார்கள். துணிக்குள் நீ இருப்பாய். சட்டத்தைச் செருகுவதும் மூடியை இழுப்பதும் திருப்பிப் போடுவதும் என் வேலை. நீ துணிக்குள்ளேயே இருந்ததால்தான், நாம் எடுத்த எந்தப் படத்திலும் நீ இல்லை.

சவூதிக்கு விசா வந்த கிழமை, ஒரு படமாவது எடுக்க வேண்டும் என்று உன்னைப் பிடித்து இருத்தினேன். அன்று காலை நான் தோப்பூருக்குச் செய்திக்குப் போயிருந்ததால், சட்டத்தில் பிலிமை நீயே உன் வழக்கப்படி போட்டுக் கொண்டுவந்தாய். எங்கள் வளவில், கொய்யா மரத்தடியில், கதிரையில் நீ. முதல் முறையாக நான் துணிக்குள். கமராவின் பின்கண்ணாடியில் தலைகீழாக நீ தெரிந்தாய். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதை அறிந்து, "முகத்த எல்லாரும் பாப்பானுகள். நீ மூலை நாலையும் பாரு," என்று அங்கிருந்தே அதட்டினாய். மூச்சைப் பிடிக்கச் சொன்னேன். எடுத்தேன். விடச் சொல்ல மறந்துபோனேன்.

"விடச் சொல்லன்டா! விசா வந்தும் மூச்சுமுட்டி மௌத்தாகிப் போவன் போல!"

சிரித்துக்கொண்டே எழுந்து வந்து, மூடியை நீயே போட்டாய். உன் எக்ஸ்ரே அறைக் கைப்பழக்கப்படி, வெள்ளை வெளியே.

நீ கொழும்புக்குப் பஸ் ஏறிய பிறகு, கறுப்பு முகம் வெளியே இருந்த பக்கத்தை ஆஸ்பத்திரி இருட்டறையில் கழுவினேன். வெறும் கண்ணாடி போல வந்தது. நான்தான் பிழைவிட்டேன் என்று உனக்கு எழுதினேன். "கவலைப்படாத. ஒரு பிலிம் மிச்சம் இருக்குத்தானே. வந்து அதே கதிரையில இருக்கிறன்," என்று பதில் போட்டாய். அந்த ஒரு பிலிமை உனக்காக வைத்திருந்தேன். அம்மா கடைசியாகப் படுத்திருந்தபோது ஒரு படம் எடுக்க மனம் உந்தியது. அப்போதும் அதைத் தொடவில்லை. பிறகு, வேலைத்தலத்தில் நீ மயங்கி விழுந்ததும், அங்கேயே அடக்கம் செய்ததும் செய்தியாக வந்தன. அதற்குப் பின் அந்தப் பிலிமை என்ன செய்வதென்று தெரியாமலே பூட்டிவைத்தேன்.

நீ சவூதிக்குப் போய்ச் சில மாதத்தில் பிறந்த உன் மகள் உன்னைப் பார்த்ததில்லை. வீட்டில் இருந்த பாஸ்போர்ட் படத்தையும் கடல் உள்ளே வந்த அன்று தண்ணீர் கொண்டுபோய்விட்டது. ஆண்டுக்கு ஒரு தடவையாவது அவள் என்னிடம் கேட்பாள்: "வாப்பாட மொகம் ஆர மாதிரி மாமா? என்ட மூக்கு வாப்பாடதா?" நான் வார்த்தையில் சொல்வேன். தொழில் அதுதான் என்றாலும், ஒரு முகத்தை வார்த்தையில் கொடுக்க என்னால் ஏலவில்லை.

அன்று நான் கழுவியதுதான் புதுப் பிலிம், பூட்டிவைத்ததில்தான் நீ இருக்கவேண்டும் என்று நேற்று இரவு அவளுக்குச் சொன்னேன். "நான் வராமக் கழுவிராதீங்க மாமா," என்றாள். "ஒண்டுமில்லாட்டியும் பரவால்ல. நான் பக்கத்தில நிக்கணும்."

நீ சொன்ன நாலு மூலையை நான் விட்டதில்லை. எரிந்த வீட்டுக்குப் போனாலும், சடலம் கிடந்த வீதிக்குப் போனாலும், முதலில் ஓரங்களைப் பார்த்துவிட்டுத்தான் நடுவுக்கு வந்தேன். யார் கதவுக்குப் பின்னால் நிற்கிறார்கள், யாருடைய செருப்பு வேலியோரம் கிடக்கிறது என்பதெல்லாம் அப்படித்தான் என் கண்ணில் பட்டன. நான் எழுதியவற்றில் நின்று நிலைத்தவை அந்த ஓரங்களில் கிடைத்தவைதான். உன் முகம் மட்டும் என் நினைவிலும் ஓரங்கள் கரைந்து வருகிறது. தாடை எங்கே முடிந்தது என்று இப்போது எனக்கு நிச்சயமாகச் சொல்ல ஏலாது.

இன்னும் தெரியாதது இது. கொழும்பில் இருட்டறை வைத்திருக்கும் ஒருவரைக் கேட்டேன். நம்மூர் வெக்கையில் இவ்வளவு காலம் கிடந்த பிலிம் முழுக்க மங்கியிருக்கலாம், ஒரு நிழலாவது மிஞ்சியிருக்கவும் கூடும், கழுவிப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். மருந்தை அவரே பஸ்ஸில் போட்டுவிடுகிறார், புதன்கிழமை கிடைக்கும். குளியலறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து உன் மகள் கிண்ணியாவிலிருந்து வருவாள். நீ தெரிவாயா இல்லையா என்பது அன்று பின்னேரம் தெரிந்துவிடும்.